தோணிக்காரன் இளையதம்பியின் வாங்கு

இருங்கோ பிள்ளை, இருங்கோ. ஆற்றங்கரை வாங்கு எல்லாருக்கும் பொது. அந்த இடது மூலையில் மட்டும் இருக்காதேங்கோ, ஈரம். இந்தப் பக்கம் வாருங்கோ. ஓம், இப்பிடி.

ஏன் சிரிக்கிறியள்? வாங்கு என்ற சொல்லைக் கேட்டுக் கனகாலமோ? உங்களுக்கு இது பெஞ்ச். எனக்கு எண்பத்தொரு வயதிலும் வாங்குதான்.

கவுன்ட்டி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருகுது என்று கடிதம் வந்தபோது நான் வேறு மாதிரி ஒருவரை நினைத்திருந்தேன். தொப்பையும் தோல் பையுமாக ஒரு வெள்ளைக்காரர். அவர் நாலு கேள்வி கேட்பார், நான் நாற்பது பதில் சொல்லுவேன், அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். அவங்கள் கெட்டிக்காரங்கள். தமிழ்ப் பிள்ளையைத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறாங்கள். தமிழில் புளுகுவது கஷ்டம், பிள்ளை. இங்கிலீசில் என்றால் எனக்கு முகமே வேர்க்காது.

உங்கடை கேள்வி எனக்குத் தெரியும். இந்த வாங்கின் முதுகில் இருக்கிற பித்தளைத் தகட்டை வாசியுங்கோ. ஓம். "இளையதம்பி. 1889 முதல் இந்த வளைவின் தோணிக்காரர். எல்லாரையும் கரை சேர்த்தவர்." இந்த மார்ட்டில்பரி ஊரார் அவர் எங்கடை ஆள் என்கிறார்கள். ஆற்றோடு மூன்று மைல் கீழே இருக்கிற நெதர்வெல் ஊரார், இல்லை, அவர் எங்கடை ஆள், தகட்டைக் கழற்றி எங்களிடம் தரவேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறார்கள். இதில் எது மெய் என்று எழுதிக்கொண்டு போகத்தான் நீங்கள் வந்தது.

இரண்டும் பொய். அந்த ஆளை உண்டாக்கினது நான்.

பொறுங்கோ, பொறுங்கோ. பேனையை மூடுங்கோ. முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கோ. நீங்கள் இதை எழுதினால் நாளைக்கே வந்து வாங்கைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வாங்கு போனால் என்ரை மனுசிக்கு இருக்க இடமில்லை.

மனுசி செத்து நாலு வருசம். இராசமலர். நான் மலர் என்பேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டு வந்தனாங்கள். எனக்கு ஜாம் தொழிற்சாலையில் வேலை. ஒருமுறை ஸ்ட்ரோபெரி காய்ச்சின பெரிய அண்டா வெடித்து இந்த ஆறு மூன்று நாள் சிவப்பாய் ஓடினது. வாத்தெல்லாம் கரையில் ஒட்டிக்கொண்டு நின்றன. நாங்கள் சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி ஒவ்வொன்றாய்க் கழற்றி எடுத்தோம். பார்த்தியளோ, நீங்கள் நம்பவில்லை. மலரும் நம்பமாட்டா. வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் முதலிலேயே சொல்லிவைத்துவிடுவா: "இந்த மனுசன் சொல்லுறதிலை பாதியை ஆத்திலை விடுங்கோ. மிச்சத்தைக் கழுவிப்போட்டு எடுங்கோ."

அவவுக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூடக் குசினியில் வேலை. இருபத்திரண்டு வருசம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. காலமை போவா, கோவாவை, அதுதான் கேபேஜை, அவிப்பா, பிள்ளைகளுக்குப் போடுவா. நாலு மணிக்கு இந்த வளைவுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு இருப்பா. அவ்வளவுதான். கதை பேச்சு இல்லாத மனுசி. ஊரில் அவவை ஆருக்கும் தெரியாது. நான்தான் நாலு பேருக்குத் தெரிந்த ஆள். செத்தவீட்டுக்கு இருநூறு பேர் வந்தார்கள் பாருங்கோ, எல்லாம் என்ரை முகத்துக்காக.

இந்த நாட்டில் திவசம் கிடையாது. வாங்குதான் திவசம். ஆள் செத்தால் அவர் விரும்பி இருந்த இடத்தில் ஒரு வாங்கு போட்டு, பேரைத் தகட்டில் வெட்டிப் பூட்டிவிடுவார்கள். வழியால் போகிறவன் அதில் இருந்து சான்ட்விச் சாப்பிடுவான். ஒரு கணக்கில் பார்த்தால் அதுவும் படையல்தான். மலருக்கு இந்த வளைவில் ஒரு வாங்கு போடவேண்டும் என்று ஊர்ச்சபைக் காரியதரிசியிடம் போனேன். மிஸஸ் பென்ரோஸ். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அதற்கு மேலால் பார்க்கிற பெண். அவ இங்கிலீசில்தான் கதைத்தவ, ஆனால் எனக்கு நினைவில் எல்லாம் எங்கடை தமிழாய்த்தான் வருகுது. குறை நினையாதேங்கோ.

"வளைவிலை ஏழு வாங்குக்குத்தான் இடம், மிஸ்டர் முத்துக்குமாரு. ஆறு போட்டாச்சு. மிச்சம் இருக்கிற ஒண்டு பழைய குடும்பங்களுக்குத்தான் எண்டு, இந்தக் காணியைத் தந்த சீமாட்டி உறுதிப் பத்திரத்திலை எழுதிப்போட்டுச் செத்துப்போனா."

"எவ்வளவு பழசு?"

"முதலாம் உலகச் சண்டைக்கு முந்தி."

"நாங்கள் நாப்பத்துநாலு வருசமாய் இஞ்சை இருக்கிறம்."

"அது புதுசு. ஆனால் கார் விடுற இடத்திலை ஒரு நல்ல இடம் இருக்கு. வெறும் போத்தல் போடுற தொட்டிக்குப் பக்கத்திலை. நல்ல வெளிச்சம்."

போத்தல் தொட்டி! இருபத்திரண்டு வருசம் சட்டி பானைச் சத்தத்துக்குள் நின்றவ, செத்த பிறகு போத்தல் உடைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கவோ? எனக்கு வந்த கோபத்தில் அவவின் மேசையில் இருந்த ரப்பர் முத்திரையை எடுத்து என்ரை கையிலேயே ஒரு குத்துக் குத்திவிட்டேன். "பெறப்பட்டது" என்று நாலு நாள் கையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மிஸ்டர் ஆல்டர்சன் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற பல்லு டொக்டர். ஊர் வரலாற்று வட்டத்துக்குத் தலைவர். கையில் பழைய வாக்காளர் பேர் இடாப்புகள்.

உங்கடை முழுப்பேர் என்ன, பிள்ளை? துஷாந்தி கனகசபை. கனகசபை ஆர், அப்பாதானே? பிறகு கலியாணம் கட்டினால் மனுசனின் பேர். உங்கடை பிள்ளைக்குப் பின்னால் அவளுடைய அப்பாவின் பேர். எங்களுக்குக் குடும்பப்பேர் என்று ஒன்று ஏது? தலைமுறைக்குத் தலைமுறை பேர் மாறும். என்ரை பேர் சிவகடாட்சம், அப்பா முத்துக்குமாரு. ஆனபடியால் இந்த ஊருக்கு நான் மிஸ்டர் முத்துக்குமாரு. மலர் கலியாணத்துக்கு முந்தின பாஸ்போட்டில் வந்தவ, ஆகவே அவ கடைசிவரை தன் அப்பா பேரில் மிஸஸ் இளையதம்பி. மகன் கௌரீசன், அவன் மிஸ்டர் சிவகடாட்சம். மில் ஒழுங்கை பதினாலாம் நம்பர் வீட்டில் நாங்கள் மூன்று பேர். தபால்காரன் முப்பது வருசம் கடிதங்களை மூன்று கட்டாய்க் கட்டித்தான் போட்டான்.

ஆல்டர்சன் இடாப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தது என்னவென்றால், மார்ட்டில்பரியில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. முத்துக்குமாரு குடும்பம், இளையதம்பி குடும்பம், சிவகடாட்சம் குடும்பம்.

"மூண்டு குடும்பமும் ஒரே வீட்டிலை எப்பிடிச் சமாளிச்சியள்?" என்று கேட்டார். "சண்டை சச்சரவு வரேல்லையோ?"

நான் விளக்கினேன். மெய்யாகவே விளக்கினேன், பிள்ளை. அப்பா பேர், மகன் பேர் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். ஆனால் பல்லு டொக்டர்மாருக்கு ஒரு வருத்தம் இருக்கு, தொழில் வியாதி. முன்னால் இருக்கிறவன் வாயைத் திறந்தால் அது கதைக்க அல்ல என்று நாற்பது வருசம் பழகிவிட்டார்கள். தலையை ஆட்டி ஆட்டி என்ரை வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்:

"அப்ப இந்த மூண்டு குடும்பத்திலையும் பழைய குடும்பம் எது?"

பிள்ளை, அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அவர் கேட்டார். மிஸஸ் பென்ரோஸ் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா. என்ரை கையில் "பெறப்பட்டது" ஈரம் காயவில்லை.

"இளையதம்பி குடும்பம்," என்றேன். "ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது."

வந்த சனிக்கிழமை பின்னேரம் வரலாற்று வட்டத்தில் வந்து பேசச் சொன்னார்கள். நூலகத்து மேல்மாடி. தேத்தண்ணி, பிஸ்கட், நாற்பது கதிரை, நாற்பதும் நிறைந்திருந்தது. நான் எழும்பி நின்று இளையதம்பியைத் தொடங்கினேன்.

மெய்யான இளையதம்பி, மலரின் அப்பா, நயினாதீவில் இருந்தவர். தீவில் பிறந்தும் தண்ணீருக்குப் பயந்த மனுசன். நாற்பது வருசம் தோணி ஏறவில்லை. எங்கடை கலியாணத்தை அக்கரையில் வைத்தபடியால் வரவில்லை, கரையில் நின்று வேட்டியைக் கழற்றி வீசி ஆசீர்வதித்தவர். அதாவது சால்வையை. அவரைத்தான் நான் தோணிக்காரன் ஆக்கினேன். மாமாதானே, கோபிக்கமாட்டார்.

கப்பலில் கூலியாய் வந்தவர் துறைமுகத்தில் இறங்கினார், எந்தக் கடல் வழியாகப் போனால் வீடு வரும் என்று கேட்டார், ஆரோ ஒரு குடிகாரன் இந்த ஆற்றைக் காட்டிவிட்டான், இருபத்தாறு நாள் ஆற்றோடு மேலே நடந்து இந்த வளைவுக்கு வந்தார், அப்போது பாலம் இல்லை, கரையில் நின்ற சனம் கூப்பிட்டதில் தோணியை எடுத்தார். இதுவரைக்கும் ஒழுங்கான வரலாறு. பிறகு எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. தேவாலயத்துப் பியானோவை வாசிக்கிறவரோடு சேர்த்து ஏற்றி, நடு ஆற்றில் பாட்டு நிற்காமல் இறக்கினார் என்றேன். ஒரு காளை தோணியில் ஏற மறுத்ததால் தோணியைக் காளையில் ஏற்றினார் என்றேன்.

ஒருத்தர் கையை உயர்த்தினார். "ஆத்திலை முழங்கால் அளவு தண்ணிதானே?"

"இப்ப," என்றேன். "மிச்சத்தை ஜாம் தொழிற்சாலை குடிச்சிட்டுது."

சபையில் சிலர் குனிந்து தரையைப் பார்த்தார்கள். மிஸஸ் பென்ரோஸ் லேஞ்சியால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதா. நான் இந்த நாட்டில் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன், வெள்ளைக்காரரை அப்படி அழவைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகுதான் அதிசயம். குழாய் வேலை செய்கிற டெரன் எழும்பினான். நாற்பத்தெட்டு வயது, மலை மாதிரி ஆள். "எனக்கு அவரைப் பற்றி ஒரு கதை தெரியும்," என்றான். "எங்கடை பாட்டன் சொல்லுவார். இளையதம்பி ஒருத்தரையும் வெறும் வயித்தோடை விடமாட்டாராம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன நெஞ்சழுத்தம்! நேற்றுப் பிறந்த ஆளுக்கு இவனுடைய பாட்டன் சாட்சியோ?

அடுத்தது நூலகத்து ஜாக்கி. "அவர் பெரிய கரண்டியோடை நிப்பாராம்."

"துடுப்பு," என்று திருத்தினேன்.

"இல்லை, கரண்டி," என்றாள். விட்டுக்கொடுக்கவில்லை.

அதோடு தொடங்கிவிட்டார்கள். இளையதம்பி மூக்கால் பாட்டு முணுமுணுப்பாராம். பின்னேரம் நாலு மணிக்குச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆற்றுக்குள் காலை வைத்திருப்பாராம். கோவாவுக்கு மிளகு போடுவாராம். நான் கேட்கிறேன், தோணிக்காரனுக்குக் கோவா எதற்கு? அழுகிற பிள்ளையின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இன்னொரு வாய், இன்னொரு வாய்" என்பாராம். தமிழிலேயே சொன்னார்கள், பிள்ளை! டெரன் அந்த மலை மாதிரி உடம்போடு நின்று "இன்னொரு வாய்" என்றான். நான் எங்கேயோ சொல்லியிருப்பேன், பிடித்துவிட்டாங்கள்.

உள்ளதைச் சொன்னால் எனக்குப் பொறாமை. ஆனால் அவங்களுக்குப் புளுகத் தெரியாது. ஒரு தொழில் நுட்பம் வேண்டாமோ? தோணிக்காரன் என்றால் கயிறு, துடுப்பு, வெள்ளம். இவங்கள் கரண்டி, கோவா, கைதுடைக்கிற துண்டு என்று கொண்டுவந்து நிறைக்கிறாங்கள். அதுவும் சொன்னதெல்லாம் நாற்பது ஐம்பது வயதுக்காரர். எண்பது தாண்டினவர் அந்த அறையில் லென் ஒருத்தர்தான். அவர் நித்திரை.

இரண்டு கிழமையால் மிஸஸ் பென்ரோஸ் என்னைக் கூப்பிட்டா. மேசையில் சீமாட்டியின் உறுதி.

"உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும்," என்றா. "நானும் இளையதம்பியின்ரை ஆள்."

"எப்பிடி?"

"எங்கடை பூட்டிக்கு அவரிலை ஒரு விருப்பம் இருந்தது. எனக்கும் தங்கச்சிக்கும் தலைமயிர் நிறத்திலை வித்தியாசத்தைப் பாருங்கோ. எனக்கு உறைப்பும் பிடிக்கும்."

பார்த்தேன். மயிர் வெள்ளை. ஆனால் என்ன செய்ய? நான் மறுத்தால் இளையதம்பி பொய்யாகிவிடுவார். இளையதம்பி மெய் என்றால் மிஸஸ் பென்ரோஸ் மலருக்குச் சகோதரி முறை. மலருக்குச் சகோதரி என்றால் எனக்கு மச்சாள். முறையை நாங்கள் விடலாமோ? அன்றைக்கிருந்து மச்சாள் என்றுதான் கூப்பிடுகிறேன். கிறிஸ்மசுக்கும் மச்சாள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த வான்கோழியை மென்று முடிக்கத் தைப்பொங்கல் வந்துவிடும்.

மச்சாள் உறுதியை எடுத்து வாசித்தா. "'வாங்கின் தகட்டு முகப்பில் பழைய குடும்பத்தார் பெயர் மட்டுமே இருக்கலாம்.' முகப்பில்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா. "முகப்பில், மிஸ்டர் முத்துக்குமாரு." மூன்றாம் தடவையும் "முகப்பில்" என்றா. கண் சரியில்லைப் போலும், வரி மாறவில்லை.

"அப்ப மலரின்ரை பேர் போட ஏலாதோ?"

"முகப்பிலை ஏலாது."

எனக்கு அழுகை வந்தது. பிறகு யோசித்தேன். தகடு ஆரின் பேரில் இருந்தால் என்ன, வாங்கு வளைவில் இருக்கும். மலர் அப்பாவின் வாங்கில் மகளாய் இருக்கட்டும். சரி என்றேன். தகடு வெட்டுகிறவன் மூன்று கிழமை எடுத்தான். நாலு வரி வெட்ட மூன்று கிழமையோ? வெட்டி, பூட்டி, கொடி கட்டித் திறந்தும் வைத்தார்கள். நான் வெள்ளிக்கிழமை தோறும் பழப்புளி கொண்டுவந்து தேய்ப்பேன். பாருங்கோ, இந்த ஆற்றங்கரையில் எங்கடை தகடு மட்டும்தான் கோயில் குத்துவிளக்கு மாதிரி.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவங்கள் நிறுத்தவில்லை. வைகாசி மாதம் இரண்டாம் சனிக்கிழமை இளையதம்பி நாள் என்று வைத்துவிட்டாங்கள். ஊர் முழுக்கச் சப்பாத்தைக் கழற்றி ஆற்றுக்குள் முழங்கால் தண்ணீரில் நிற்கும். மேயர் சங்கிலியோடு நிற்பார். பிறகு கரையில் சாப்பாடு. அதில் ஒரு சட்டம்: எல்லாரும் இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிடவேண்டும். வேண்டாம் என்று கோப்பையை மூடினால் டெரன் வந்து கையைத் தட்டிவிட்டுப் போடுவான். மிளகு போட்ட கோவா! நான் ஆல்டர்சனைக் கேட்டேன், "தோணிக்கும் இரண்டாந்தரத்துக்கும் என்ன சம்பந்தம்?" அவர் என்ரை வாய்க்குள் பார்த்துவிட்டு, "அது மரபு," என்றார். மூன்று வருசத்து மரபு.

கனடாவில் இருந்து மகன் டெலிபோன் எடுத்தான். "அப்பா, பேப்பரிலை பாத்தன். தாத்தா தோணி ஓட்டினவரோ? அவர் குளிக்கிறதுக்கே கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர் எண்டு அம்மா சொன்னவ."

"அது வேறை இளையதம்பி," என்றேன்.

"அம்மாவின்ரை பேர் எங்கை?"

நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நல்லாய்த்தான் இருந்தது.

பேப்பரில் வந்ததால்தான் நெதர்வெல் காரருக்கு ஆசை பிடித்தது. அவங்களிடம் தகடும் இல்லை, வரலாறும் இல்லை. போய்ப் பார்த்தேன். குடிக்கிற கடைச் சுவரில் "இளையதம்பியின் துடுப்பு" என்று ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறாங்கள். அது பேக்கரியில் பாண் தள்ளுகிற பலகை, பிள்ளை! நுனியில் கரி! இளையதம்பி அங்கேதான் கலியாணம் கட்டினாராம், ஏழு பிள்ளையாம். என்ன அநியாயம்? இல்லாத ஒரு மனுசனைப் பற்றி இப்படியும் வாய் கூசாமல் பொய் சொல்லுவாங்களோ? புளுகுக்கும் ஒரு நேர்மை வேண்டாமோ?

முடிந்தது. இவ்வளவுதான். நான் இங்கிலீசில் ஒருவருக்கும் சொல்லாததை உங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் பேனையைத் திறக்கலாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். கழற்றுகிறதென்றால் இந்த வாங்கைப் போத்தல் தொட்டிக்குப் பக்கத்தில் போடாமல், என்ரை வீட்டு வளவுக்குள்ளாவது...

என்ன? தகட்டு நம்பரோ? படிவத்தில் நம்பர் கேட்டிருக்கோ? முன்னால் இல்லை, மூன்று வருசமாய்த் தேய்க்கிறேன், எனக்குத் தெரியும். பின்னால் இருக்கும். கழற்றிப் பாருங்கோ. பொறுங்கோ, என்னிடம் பேனாக்கத்தி இருக்கு. நாலு திருகாணிதான். மெல்ல. மெல்ல. பித்தளை வளையும்.

நம்பர் இருக்கோ? என்ன அப்படிப் பார்க்கிறியள்? எழுத்தோ? பின்னால் ஏன் எழுத்து? என்னிடம் கண்ணாடி இல்லை, வாசியுங்கோ.

திருப்பி வாசியுங்கோ.

"மிஸஸ் மலர். எங்கள் எல்லாருக்கும் இரண்டாந்தரமும் போட்டவர்."

கீழே? "மார்ட்டில்பரிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்." ஆண்டு என்ன போட்டிருக்கு? முன்பக்கத்துக்கு வெட்டின அதே ஆண்டோ? அதே கையெழுத்தோ?

கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளை.

அப்ப அந்தக் கரண்டி... கோவா... நாலு மணிக்குச் சப்பாத்து...

அப்ப அவங்களுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். நாற்பது பேருக்கும்! நான் அங்கே நின்று காளையையும் பியானோவையும் ஏற்றி இறக்க, நாற்பது பேரும் தெரிந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாங்கள்! எனக்கே புளுகியிருக்கிறாங்கள்! அறுபது வருசமாய் இந்தத் தொழிலில் இருக்கிற என்னிடம்! பென்ரோஸ் மச்சாள் அழுதது... அது அழுகை இல்லை! அப்ப அந்தப் பூட்டி? பூட்டியும் பொய்யோ? மூன்று கிறிஸ்மசுக்கு என்னைக்கொண்டு தன்னை மச்சாள் என்று கூப்பிடவைத்து வான்கோழி தின்னப்பண்ணினாவே!

முகப்பில். மூன்று தரம் சொன்னா. முகப்பில், முகப்பில் என்று. நான் கண் சரியில்லை என்று நினைத்தேன்.

இருநூறு பேர், பிள்ளை. செத்தவீட்டுக்கு.

ஐயோ, அங்கே பாருங்கோ, அந்த வளைவில் நாயோடு வருகிறது மச்சாள்தான். கெதியாய்ப் பூட்டுங்கோ. கெதியாய்! இல்லையில்லை, இளையதம்பி வெளியில், மலர் உள்ளே. முந்தி இருந்த மாதிரியே. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவைக்குத் தெரியக்கூடாது. பாவங்கள், மூன்று வருசம் கட்டிக் காத்திருக்குதுகள், மனம் நொந்துபோவினம். வைகாசியிலும் நான் ஏறி நின்று தோணிக்கதை சொல்லத்தான் வேணும். இந்தமுறை பியானோவோடு பாட்டுக் கோஷ்டியையும் ஏற்றிவிடுகிறேன். மலர் உள்பக்கம் இருக்கட்டும். சாய்ந்து இருக்கிறபோது முதுகுக்குக் கிட்ட இருக்கும். வெளியில் பேர் போட்டால் அவ கூச்சப்படுவா.

இனி உங்கடை படிவம். என்ன எழுதினியள்? காட்டுங்கோ. "முற்காலத்தில் ஆறு ஆழமாக இருந்ததற்குப் போதிய சான்று உண்டு. தோணிக்காரர் மார்ட்டில்பரியைச் சேர்ந்தவர். நெதர்வெல் துடுப்பு பாண் பலகை."

பிள்ளை! அரசாங்கக் கடுதாசியிலோ! ஆர் பெத்த பிள்ளையம்மா நீர்!

வாருங்கோ மச்சாள், வாருங்கோ. இது கவுன்ட்டியால் வந்த பிள்ளை. எங்கடை இளையதம்பியைப் பற்றிக் கேட்டவ, எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இருங்கோ, இடம் இருக்கு.

பார்த்தியளோ, பிள்ளை? மெல்லச் சொல்லுகிறேன், அவவுக்குத் தமிழ் விளங்காது. மூன்று பேருக்கு இடம் இருக்கிற வாங்கில் உங்களையும் என்னையும் நெருக்கிக்கொண்டு இந்த நுனியில் வந்து இருக்கிறா. அந்த இடது மூலையில் இருக்கமாட்டா. டெரனும் இருக்கமாட்டான். ஜாக்கியும் இல்லை. ஊரில் ஒருத்தரும் இருக்கிறதில்லை. நான் ஆட்களுக்கு ஈரம் என்று சொல்லிச் சொல்லி, அவங்களும் நம்பிவிட்டாங்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூலையில் ஈரம் ஒன்றும் இல்லை, பிள்ளை. நான் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்.